ஒரு விலா எலும்பு போதும் என்றுதான்

சூரியகாந்தி விதையை ஓடோடு வாயில் போட்டு, கை படாமல் பல்லிடுக்கில் உடைத்து, பருப்பை வைத்துக்கொண்டு ஓட்டை மட்டும் துப்பத் தெரியாத மனிதனைப் பேஸ்பால் மைதானத்துக்குள் விடக்கூடாது என்பது என் கட்சி. உங்கள் முன்னால் கிண்ணத்தில் இருப்பது அந்த விதைதான், மேடம், தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். ஓட்டை அந்தக் காகிதக் கோப்பையில் துப்பலாம். என் மனைவி இருந்தவரை இந்த வீட்டுக்குள் அதை அனுமதித்ததில்லை, இப்போது கேட்பாரில்லை. எங்கள் ஜெனரல் மேனேஜர் பிரெஸ்டன் ஆஷ்கோம், ஓடு உரித்துப் பாக்கெட்டில் அடைத்த விதையை வாங்கி ஸ்பூனால் தின்கிறவர். நானே பார்த்திருக்கிறேன். அந்த ஆளிடம்தான் ஒமாஹா டிரோவர்ஸ் அணியில் யாரை விற்பது, யாரை வாங்குவது என்ற பொறுப்பைக் கொடுத்தார்கள்.

எங்களுக்குப் பந்து வீசுகிற பிட்சர் ஹாலிக் லீக் அலுவலகத்தில் வந்து உங்களிடம் பேசிவிட்டான் என்று தெரியும். அந்தச் சனிக்கிழமை ஆட்டத்தில் போர்ட்லாண்ட் அணியின் டோபினை அவன் பந்தால் அடித்தது கை தவறி அல்ல, நான் சொல்லித்தான் என்று சொல்லியிருக்கிறான். உண்மைதான். இதை ஒத்துக்கொள்ள ஒரு நிமிடம் போதும், நீங்கள் அடுத்த விமானத்தைப் பிடிக்கலாம். ஆனால் நீங்கள் என்ன எழுதப்போகிறீர்கள் என்றும் ஊகிக்க முடிகிறது. டோபின் முந்தின நாள் பந்தை வேலிக்கு வெளியே ஹோம் ரன் அடித்துவிட்டு அசையாமல் நின்று அதை ரசித்தான், பந்து வீசியவனுக்கு அது அவமானம், அந்த ஆத்திரத்தில் கிழவன் அடிக்கச் சொன்னான் என்று எழுதுவீர்கள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அவ்வளவு அற்பமான விஷயத்துக்கு ஒருத்தன் மேல் பந்தை எறியச் சொல்கிற ஆள் நான் இல்லை. காரணம் வேறு. காபியை ஊற்றிக்கொள்ளுங்கள், சொல்கிறேன்.

பதிவுக்காக, என் பெயர் வெர்ன் பொகோர்னி. டிரோவர்ஸ் அணிக்குக் கோச். யார் ஆடுவது, யார் எப்போது வெளியே வருவது என்று களத்தில் சொல்கிறவன். டிரோவர்ஸ் என்றால் மாடு ஓட்டுகிறவர்கள். இந்த ஊர் மாடு விற்றுப் பெரிதான ஊர். என் தாத்தா அந்தச் சந்தைக் கொட்டடியில் சாணி அள்ளியவர். அங்கே விற்பதை விற்பது என்றுதான் சொன்னார்கள். பிரெஸ்டன் வந்த பிறகுதான் விற்பதற்குக் கட்டுவது என்று பெயர் வந்தது. மறுகட்டுமானம். இந்த வருடம் ஆரம்பத்திலிருந்தே தோற்றோம், தோற்றுக்கொண்டே இருந்தோம், ஜூன் முடிவதற்குள் கடைசி இடம். உடனே அந்த வார்த்தையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். ரேடியோவில் கட்டுகிறோம், பத்திரிகையில் கட்டுகிறோம், மைதானத்துச் சுவரில் கட்டுகிறோம். வீட்டில் இருந்த ஜன்னல் கதவையெல்லாம் கழற்றி விற்றுவிட்டு வீடு கட்டுகிறேன் என்று சொல்கிற கொத்தனாரை நீங்கள் எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்தேன். அவருக்கு மாதா மாதம் சம்பளமும் கொடுத்தார்கள்.

ஜூலை கடைசி நாள் மாலையோடு ஆட்டக்காரர்களைக் கைமாற்றும் கெடு முடியும். அதற்கு முந்தின வாரம் இருக்கிறதே, அது தனி நரகம். ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே மேலே அலுவலகத்திலிருந்து, களத்தோரம் நாங்கள் உட்காரும் டக்அவுட்டின் போனில் கூப்பிடுவார்கள். நான் எடுப்பேன். 'இன்னாரை வெளியே எடுங்க' என்பார்கள், அவ்வளவுதான் பேச்சு. அவனை விற்றாகிவிட்டது என்று அர்த்தம். விற்ற சரக்கு கைமாறும் முன் அடிபடக்கூடாது அல்லவா. நான் போய் அவன் தோளைத் தொட்டுக் கட்டிப்பிடிப்பேன். பிறகு ஒவ்வொருவராக வந்து கட்டிப்பிடிப்பார்கள். காமிரா அதற்காகவே காத்துக்கொண்டிருக்கும். டக்அவுட்டில் யாராவது யாரையாவது கட்டிப்பிடித்தால் போதும், இவன் போகிறான் என்று ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். அந்த வாரம் எங்கள் பையன்கள் என்னைக் கண்டாலே நகர்ந்து உட்கார்ந்தார்கள்.

"கோச், அங்கேயே நில்லுங்க. ரெண்டு கையையும் பாக்கெட்ல வைங்க" என்பான் எங்கள் கேட்சர் டூலி.

"டேய், தண்ணி எடுக்க வந்தேன்டா."

"தண்ணிதானே, நான் எடுத்துத் தர்றேன். நீங்க என்னைத் தொடாம இருந்தா அதுவே பெரிய உதவி. இப்பதான் துணி துவைக்கப் போட்டுட்டு வந்திருக்கேன்."

எல்லோரும் சிரித்தோம். மறுநாளே டூலியைத் தொட வேண்டியதாகிவிட்டது. அவன் என் கையைத் தள்ளிவிட்டு உள்ளே போய் வாந்தி எடுத்தான். எட்டு வருடம் இந்த அணிக்காக முட்டி போட்டு உட்கார்ந்து, பிட்சர் வீசும் பந்தைப் பிடித்தே முட்டியைத் தேய்த்தவன். மேலே கண்ணாடி அறையில் பிரெஸ்டன் யாரிடமோ போனில் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தது கீழே இருந்தே எனக்குத் தெரிந்தது. கோபம் வந்ததா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். வந்தது. இன்னும் போகவில்லை.

அடுத்து வால்டோ என்று பேச்சு அடிபட ஆரம்பித்தது. முழுப் பெயர் ஒஸ்வால்டோ மெஹியா, ஆனால் அப்படிக் கூப்பிட்டால் அவனே திரும்பிப் பார்க்க மாட்டான். டொமினிக்கன் குடியரசிலிருந்து பதினேழு வயதில் வந்தான். அப்போது நான் அயோவாவில் ஒரு சின்ன ஊரில் எங்களுடைய கடைநிலை அணிக்குக் கோச். அவனுக்கு ஆங்கிலத்தில் ஒரு வார்த்தை வராது. ஓட்டலில் பக்கத்து மேஜைக்காரன் தட்டைக் கைகாட்டி, அது வேண்டும் என்பான். ஒரு தடவை அந்த ஆள் சண்டைக்கே வந்துவிட்டான். நான்தான் உட்கார வைத்து முட்டை, ரொட்டி, உருளைக்கிழங்கு என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தேன். மட்டை பிடிக்கும்போது முன்கால் விலகிப் போகும், அதைத் திருத்தியது நான். அம்மா இறந்த சேதி வந்தபோது விமானத்தில் ஏற்றிவிட்டது நான். என்னை 'வியெஹோ' என்பான். அவர்கள் பேச்சில் கிழவன் என்றும் பொருள், அப்பா என்றும் பொருள். எந்தப் பொருளில் கூப்பிடுகிறான் என்று நான் கேட்டதில்லை, கேட்கவும் அவசியமில்லை.

இங்கேதான் வளர்ந்தான், இந்த ஊர்ப் பெண் மெலிசாவைக் கட்டினான், இரண்டு தெரு தள்ளி வீடு வாங்கினான். ஜூலையில் அவளுக்கு ஏழாம் மாதம். தொட்டில்கூட வாங்கி வைத்துவிட்டார்கள், அதைத் திருகாணி முடுக்கிப் பூட்டிக் கொடுத்ததே நான்தான். அப்படிப்பட்டவனுக்கு ஒமாஹாவை விட்டுப் போக விருப்பம் இருக்குமா? இருக்காது. இதை நான் நிச்சயமாகச் சொல்வேன்.

கெடுவுக்கு முந்தின வாரம் யாரை விற்பது என்று முடிவு செய்யக் கூட்டம் போட்டார்கள். சுவர்ப் பலகையில் ஒவ்வொருவர் பெயரும் ஒரு காந்தப் பட்டையில் எழுதி ஒட்டியிருந்தது. பிரெஸ்டன் எழுந்து வால்டோவின் பட்டையைப் பிய்த்துக் கையில் வைத்துக்கொண்டே பேசினார். பேசி முடிக்கும்வரை அதைத் திரும்ப ஒட்டவில்லை.

"வால்டோவைத் தொடாம இந்தக் கணக்கு நேராகாது, வெர்ன்."

"அவனைப் பார்க்கத்தான் ஜனம் மைதானத்துக்கே வருது."

"இப்ப வருது. ஆனா நாம ஜெயிக்கப்போற வருஷம் அவனுக்கு முப்பத்தொண்ணு. அப்ப அவன் காலு எப்படி ஓடும்னு நீங்க சொல்வீங்களா?"

"நாம ஜெயிக்கப்போற வருஷம் எதுன்னு நீங்க சொல்லுங்க, நான் காலைப் பத்திச் சொல்றேன்."

யாரோ சிரித்தார்கள். பிரெஸ்டன் சிரிக்கவில்லை. குழந்தைக்குச் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னார்: "நீங்க அவன்மேல பாசமா இருக்கீங்க. நல்ல விஷயம். ஆனா ஒரு சொத்து ஏறியிருக்கும்போதுதான் அதைக் கைமாத்தணும்."

"சொத்துக்குப் பேர் இருக்கு. உங்க கையிலதான் இருக்கு, படிச்சுப் பாருங்க."

"நான் பொதுவாச் சொன்னேன், வெர்ன்."

பதிலுக்கு நாஷ்வில் அணியிடமிருந்து என்ன வரும் என்று கேட்டேன். முதலிடத்தில் இருந்த அணி அது; கோப்பையை வெல்ல நல்ல மட்டைக்காரன் ஒருவன் குறைந்தான், அதற்கு வால்டோ வேண்டும். பதிலுக்கு மீசை முளைக்காத இரண்டு பையன்களைத் தருவார்களாம். எங்கள் அலுவலகத்தில் ஒருவரும் அவர்களை நேரில் பார்த்ததில்லை, வீடியோவில் பார்த்தார்களாம். கூடவே இன்னொருவன், பெயர் பிறகு அறிவிக்கப்படும் என்றார் பிரெஸ்டன்.

அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்குக் காது சூடாகிவிட்டது. எங்கள் தொழிலில் அது சாதாரணமாகப் புழங்குவது. ஒருவனை இன்று வாங்கிக்கொள்வார்கள், பதிலுக்கு யார் என்பதைப் பிறகு பேசி முடிப்பார்கள். நான் ஆடிய காலத்தில் அந்தப் பெயரில்லாத ஆள் நான்தான். ஒரு கோடை முழுக்க எங்கள் அணிக்காக வியர்வை சிந்தினேன், எனக்கே தெரியாமல் என்னை விற்று எத்தனையோ வாரம் ஆகியிருந்தது. பஸ்ஸில் போகும்போது ரேடியோவில் என் பெயரைச் சொன்னார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன், "வெர்ன், உன்னைத்தான்டா சொல்றான்" என்றான். அடுத்த ஊரில் பையோடு இறக்கிவிட்டார்கள். அன்றைக்கு எனக்காக ஒருத்தரும் ஒன்றும் செய்யவில்லை. வால்டோவுக்கு அந்தக் கதி வரக்கூடாது என்று அந்த அறையிலேயே முடிவு செய்தேன். அதில் என்ன தப்பு என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

என்ன செய்ய முடியும்? பிரெஸ்டனிடம் வாதாடிப் பயனில்லை. முதலாளி அவர் சொல்வதைத்தான் கேட்பார். யோசித்துப் பார்த்தால் ஒரே ஒரு வழிதான் இருந்தது. அடிபட்ட ஆளை யாரும் வாங்க மாட்டார்கள். கெடுவுக்கு முன்னால் வால்டோவுக்கு ஒரு விலா எலும்பு விரிசல் விட்டால் போதும், ஆறு வாரம் ஓய்வு, நாஷ்வில் வேறு ஆளைத் தேடிக்கொள்ளும். குளிர்காலத்துக்குள் பிரெஸ்டனை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று எனக்கு நம்பிக்கை இருந்தது. வால்டோ தன் வீட்டில் படுத்துக்கொண்டு குழந்தை பிறப்பதைப் பார்ப்பான். எல்லாருக்கும் நல்லது. விலா எலும்பு தானாகவே கூடிவிடும், எனக்கே இரண்டு தடவை கூடியிருக்கிறது.

எங்கள் ஆட்டத்தில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. நீ என் ஆளைப் பந்தால் அடித்தால் நான் உன் ஆளை அடிப்பேன். சாதாரண ஆளுக்குச் சாதாரண ஆள், நட்சத்திரத்துக்கு நட்சத்திரம். தலைக்குக் குறி வைக்கக்கூடாது. முதுகிலோ விலாவிலோ வாங்கிக்கொள்பவன் வலித்த இடத்தைத் தேய்க்காமல், அடிபட்டதற்கு இனாமாகக் கிடைக்கும் முதல் பேஸுக்கு நடந்து போக வேண்டும். ஒன்றுக்கு ஒன்று, அதோடு முடிந்தது. ஆகவே இதை நன்றாகக் கவனியுங்கள், மேடம். வால்டோவை அடிக்கும்படி நான் யாரிடமும் சொல்லவில்லை. டோபினை அடிக்கத்தான் சொன்னேன்.

போர்ட்லாண்ட் அணியின் கோச் லூ கெர்னன். இளவயதில் நானும் அவனும் ஒரே அறையில் படுத்தவர்கள், ஒரே சோப்பைப் பங்கு போட்டவர்கள். அந்த எழுதாத சட்டத்தை வேதமாக வைத்திருப்பவன். அவனுடைய நட்சத்திரம் டோபின், என்னுடைய நட்சத்திரம் வால்டோ. லூ என்ன செய்வான் என்பது லூவுக்குத் தெரிவதற்கு முன்பே எனக்குத் தெரியும். கெடுவுக்கு முந்தின வெள்ளி, சனி, ஞாயிறு அவர்கள் எங்கள் மைதானத்தில் ஆடினார்கள். சனிக்கிழமை ஹாலிக்கைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"டோபினையா? அவன் என்ன பண்ணினான்?" என்றான் ஹாலிக்.

"நேத்து ஹோம் ரன் அடிச்சிட்டு நின்னு வேடிக்கை பார்த்தான்ல."

"எல்லாரும்தான் பார்க்கிறாங்க. நானே வாயைப் பொளந்துக்கிட்டுப் பார்த்தேன், என்னா அடி."

"ஹாலிக்."

"சரி சரி. எங்க வேணும்?"

"இடுப்புக்குக் கீழே. காயம் வேண்டாம்."

நல்ல பையன். சொன்ன இடத்தில் போட்டான். டோபின் தொடையில் வாங்கிக்கொண்டு, தேய்க்காமல், முதல் பேஸுக்கு நடந்தான். நடுவர் இரண்டு அணியையும் எச்சரித்தார். எதிர் டக்அவுட்டிலிருந்து லூ என்னைப் பார்த்து, தொப்பியின் விளிம்பை இரண்டு விரலால் தொட்டான். நாளைக்கு என்று அர்த்தம். நானும் என் தொப்பியைத் தொட்டேன். ஒரு வார்த்தை பேசவில்லை. உங்கள் பதிவுக் கருவி அங்கே இருந்திருந்தாலும் ஒன்றும் பதிவாகியிருக்காது.

ஞாயிற்றுக்கிழமை முதல் சுற்றிலேயே வால்டோ மட்டையோடு போனான். வெயில், கூட்டம், எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அவன் போய்விடுவான் என்று அவர்களும் கேள்விப்பட்டிருந்தார்கள். போர்ட்லாண்ட் பிட்சர் நூனன், இருபத்திரண்டு வயது. முதல் பந்து. பந்து ஹெல்மெட்டில் பட்டால் ஒரு சத்தம் வரும், அது எனக்குப் பழக்கம். அன்றைக்கு வந்த சத்தம் அது இல்லை. விளிம்புக்குக் கீழே, இடது கண்ணில் பட்டது. வால்டோ மட்டையைக் கையிலிருந்து விடாமலே விழுந்தான். முதலில் ஓடினவன் நான்தான். 'வியெஹோ, யார் லைட்டை அணைச்சது?' என்று கேட்டான். நான் துண்டை வைத்து அமுக்கிக்கொண்டிருந்தேன்.

இடது கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை. மருத்துவமனைக்குப் பிரெஸ்டன் வந்தார். அழுதார். அழுதுகொண்டே என்னிடம், "நாஷ்வில்காரங்க மூணு மணிக்கு ஒப்பந்தத்தை முடிக்கிறதா இருந்தாங்க, வெர்ன்" என்றார். ஒரு மனிதன் கண் போய்ப் படுத்திருக்கிறான், அப்போதும் அந்த ஆள் வாயில் நாஷ்வில்தான் வருகிறது. அங்கேயே அறைந்திருப்பேன், நர்ஸ் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். உங்கள் லீக் நூனனை ஒரு வருடம் தடை செய்தது. அவன் வீட்டுச் சுவரில் யாரோ கண்டபடி எழுதினார்களாம், பாவம். லூவின் வேலை போனது. நான் மைக் முன்னால் நின்று, இந்தக் காட்டுமிராண்டித்தனத்துக்கு நம் ஆட்டத்தில் இனி இடம் கிடையாது என்று பேசினேன். அரங்கம் முழுக்க எழுந்து நின்று கைதட்டியது. நான் பேசியதில் பொய் ஒன்றும் இல்லை. லூ விலாவுக்குத்தான் சொல்லியிருப்பான், அந்தப் பையன்தான் மேலே எறிந்தான். அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

நீங்கள் கல்லூரியில் சாஃப்ட்பால் ஆடியவர் என்று சொன்னார்கள். அதனால்தான் அந்தக் கேள்வி உங்களுக்குத் தோன்றுகிறது. மற்றவர்கள் யாரும் கேட்கவில்லை. டோபின் அடிபட்ட மறுநாள், பதில் தனக்குத்தான் வரும் என்று வால்டோவுக்குத் தெரியாதா, தெரிந்தும் ஏன் பந்து கடந்து போகிற அந்தப் பிளேட்டை ஒட்டி முகத்தை நீட்டிக்கொண்டு நின்றான் என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. தெரியும். ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் என் அறைக்கு வந்தான். கையில் ஒரு ஹெல்மெட் வைத்திருந்தான், கன்னத்தையும் சேர்த்து மறைக்கிற பட்டை வைத்தது. சாதாரணமாக அவன் அதைப் போடுவதில்லை, பந்து சரியாகத் தெரியவில்லை என்பான்.

"வியெஹோ, இன்னைக்கு எனக்குத்தானே?"

"எது உனக்கு?"

"டோபினுக்குப் பதில். நான் என்ன நேத்து பொறந்தவனா?"

"லூகிட்ட பேசிட்டேன். ஹாலிக்குக்குக் கை வழுக்கிடுச்சுன்னு சொன்னேன். சரின்னுட்டான். அது முடிஞ்சுபோச்சு."

"நெஜமாவா?"

"உன்கிட்ட நான் எப்பவாவது பொய் சொல்லியிருக்கேனா?"

"சொல்லியிருக்கீங்க. அயோவாவுல மீன் நல்லாயிருக்கும்னு சொன்னீங்க."

இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு நான் சொன்னேன்: "நூனன் உனக்கு எல்லாப் பந்தும் வெளிப்பக்கமாத்தான் போடுவான். தள்ளி நின்னா எட்டாது. பிளேட்டை ஒட்டி நில்லு, நல்லா உள்ளே சாஞ்சுக்க." தலையாட்டினான். போகும்போது அந்த ஹெல்மெட்டை அலமாரியில் திரும்ப வைத்துவிட்டுப் பழையதை எடுத்துக்கொண்டு போனான். அதைப் போட்டுக்கொள் என்று நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சந்தேகப்பட்டிருப்பான். தள்ளி நின்றிருந்தால் குதித்து விலகியிருப்பான், பந்து காற்றில் போயிருக்கும், கெடு முடிவதற்குள் நாஷ்வில் சட்டையைப் போட்டிருப்பான். விலாவில் பட வேண்டுமானால் விலா அங்கே இருக்க வேண்டும் அல்லவா?

நூனனைப் பற்றியும் கேளுங்கள், மறைக்கவில்லை. நூனனின் பந்து எங்கே போகும் என்று நூனனுக்கே தெரியாது. பயந்தாலோ பதறினாலோ மேலே எகிறும். எதிர் அணியின் ஒவ்வொரு பிட்சரையும் பற்றித் தெரிந்து வைத்திருப்பதுதான் என் வேலை, அதற்குத்தான் சம்பளம். மனிதனைக் குறி வைத்து எறி என்று முதல் தடவையாக அவனுக்கு உத்தரவு வந்தால் கை நடுங்கும் என்பதும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை யார் வீசுவார்கள் என்பது வெள்ளிக்கிழமையே அறிவித்தாகிவிட்டது. ஆமாம், தெரிந்துதான் செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் எனக்கு வேண்டியது விலா எலும்புதான், கண் இல்லை. அதையும் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று சொன்னீர்கள். வால்டோவை விற்கச் சொல்லி வால்டோவே கேட்டான் என்று அவன் ஏஜெண்ட் உங்களிடம் சொன்னாராம். அது எனக்குத் தெரியுமா என்று கேட்கிறீர்கள். சொல்லும்போது என் முகத்தையே பார்த்தீர்கள், என்ன மாறுகிறது என்று. ஒன்றும் மாறாது, மேடம். எனக்குத் தெரியும். டோபின் அந்த ஹோம் ரன் அடித்தானே, அந்த வெள்ளிக்கிழமை, ஆட்டத்துக்கு முன்னால் வால்டோ என்னிடம் வந்து சொன்னான்.

"வியெஹோ, கோபப்படக் கூடாது. பிரெஸ்டன்கிட்ட நான்தான் கேட்டேன்."

"என்ன கேட்டே?"

"என்னை அனுப்பிடச் சொல்லி. அக்டோபர்ல, கோப்பைக்கு ஆடணும் எனக்கு. ஒரு தடவையாவது. இங்கே இருந்தா காலம் பூரா டிவியிலதான் பார்த்துக்கிட்டு இருப்பேன்."

"மெலிசா?"

"அவதான் முதல்ல சொன்னது, போகலாம்னு. பொறக்கப்போற குழந்தைக்கு ஊரு பேரா தெரியப்போகுது?"

"வீடு?"

"அது கிடக்குது. வித்துடலாம்."

வித்துடலாம் என்றான். எவ்வளவு சுலபமாக வந்தது பாருங்கள். நான் கோபப்படவில்லை. "சந்தோஷம்டா" என்றேன். விசிலடித்துக்கொண்டே போனான். அது வால்டோவின் பேச்சு இல்லை. பிரெஸ்டனின் பேச்சு, ஏஜெண்டின் பேச்சு, அந்தப் பெண்ணின் பேச்சு, எல்லாரும் சேர்ந்து அவன் வாயில் திணித்தது. முட்டைக்கு என்ன சொல்ல வேண்டும் என்று தெரியாத வயதிலிருந்து அவனுக்கு என்ன வேண்டும் என்பதை அவனைவிட நான்தான் நன்றாக அறிந்தவன். அடுத்த நாள் ஹாலிக்கைக் கூப்பிட்டேன்.

இப்போது இரண்டு தெரு தள்ளி அந்த வீட்டில்தான் இருக்கிறான். பெண் குழந்தை. கண் மருத்துவரிடம் நான்தான் காரில் கூட்டிப் போகிறேன், அவனுக்கு இன்னும் தூரம் பிடிபடவில்லை, படியில் தடுமாறுகிறான். குழந்தையைக் கொடுக்கும்போது வலது பக்கமாகக் கொடுக்க வேண்டும் என்று மெலிசாவுக்குச் சொல்லிக்கொடுத்தது நான்தான். போன வாரம் நாஷ்வில் கோப்பைக்கு ஆடியது, டிவியைப் போட்டேன். அணைக்கச் சொன்னான். சரி, எங்கேயாவது வெளியூர் போய் வரலாமா, உன் ஊருக்கு வேண்டுமானாலும் போகலாம் என்றேன். வேண்டாம் என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். என் பேச்சில் சந்தேகம் இருந்தால் நீங்களே போய்க் கேளுங்கள். நான் முதலிலேயே சொன்னேனே, மேடம், இந்த ஊரை விட்டுப் போக அவனுக்கு விருப்பமில்லை.